ரிம் மூடி தொலைந்தால்: சென்டர் கேப் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலை ஓரம் டயர் கடை நடத்துகிறேன். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) வரும் கார்கள்தான் என் பிழைப்பு. டயர் மாற்றிக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், ரிம்மின் நடுவே விரல் வைத்து, "இந்த மூடி ஒன்னு கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் நிறைய. தீபாவளி நெருங்கினால், கல்யாண மாதம் வந்தால், இந்தக் கேள்வி இன்னும் கூடும். நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்டர் கேப் என்பது எது? அது இல்லாமல் ஓட்டினால் ஆபத்தா?

ரிம்மின் நட்ட நடுவில் ஒரு வட்டத் துளை இருக்கும். அதை அடைக்கும் சின்ன மூடிதான் சென்டர் கேப். நம் பக்கம் ரிம் கேப், ரிம் மூடி என்றும் சொல்வார்கள். அது சக்கரத்தைத் தாங்குவதில்லை. சக்கரத்தைப் பிடித்திருப்பவை சுற்றியுள்ள நான்கு அல்லது ஐந்து நட்டுகள். மூடி இல்லாமல் ஈப்போ வரை அல்ல, ஜொகூர் வரைகூட ஓட்டலாம்.

ஆனால் மூடி போனால் உள்ளே இருக்கும் ஹப் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி), அச்சு நட் எல்லாம் வெளியே தெரியும். செம்மண் சாலையில் ஓடும் காராக இருந்தால் சேறும் தூசியும் அங்கே போய் அடைந்துகொள்ளும். செம்பனைக்குப் போடும் உரத்தில் அமோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் இருக்கும். இரண்டும் உப்பு வகை. உர மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகளின் ஹப்பில் துரு எப்படி ஏறுகிறது என்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். அதனால் அழகுக்கு மட்டும்தானே என்று விட்டுவிடாமல், தேடிப் போடுவது நல்லது.

என் கார் மைவி. "மைவி ரிம் கேப்" என்று தேடி வாங்கினால் போதாதா?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: மூடி காருக்குச் சொந்தம் இல்லை, ரிம்முக்குச் சொந்தம்.

காரோடு கம்பெனியில் வந்த ரிம் அப்படியே இருந்தால் கார் பெயரும் வருடமும் உதவும். ஆனால் நம் ஊரில் அப்படி இருக்கும் கார்கள் எத்தனை? பெரோடுவா மைவி, புரோட்டோன் சாகா, டொயோட்டா வியோஸ், ஹோண்டா சிட்டி, இந்தச் சின்னக் கார்களில் பெரும்பாலும் நான்கு நட்டு, அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. 4x100 என்று சொல்வது இதைத்தான். ஒன்றின் ரிம் பல சமயம் இன்னொன்றில் ஏறிவிடும். அதனால் இருபது வருடமாக இந்த ரிம்கள் கைக்குக் கை, காருக்குக் கார் மாறிக்கொண்டே இருக்கின்றன. சிட்டியில் பிறந்த ரிம் மைவியில் ஓடும். ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிம் சாகாவில் ஓடும்.

போன வருடம், முன்பு பால் லாரி ஓட்டிய ஓர் அண்ணன் வந்தார். மகள் கல்யாணத்துக்கு அவருடைய மைவிதான் பெண் கார். ஆன்லைனில் மைவி என்று போட்டிருந்ததை நம்பி நான்கு மூடி வாங்கி வந்திருந்தார். நான்கில் ஒன்றுகூட உட்காரவில்லை. துளைக்குள் வைத்தால் தொப்பென்று உள்ளே விழுந்தது. காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, பின்பக்கம் துணியால் துடைத்துக் காட்டினேன். "அண்ணே, இது மைவியோட ரிம்மே இல்லை. இங்கே பாருங்க, என்கெய்னு வேற ரிம் கம்பெனி பேர் போட்டிருக்கு." இரண்டாம் கையாக வாங்கிய கார். முந்திய சொந்தக்காரர் ரிம்மை மாற்றியிருந்தது இவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. கடைசியில் அளவெடுத்து, ஈப்போவில் ஒரு ரிம் கடையில் எழுத்தில்லாத கறுப்பு மூடி நான்கு எடுத்து வந்து போட்டோம். முதலிலேயே அளந்திருந்தால் அவருடைய அலைச்சலும் காசும் மிச்சம். அதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எதை எதை அளக்க வேண்டும்?

மூன்று அளவு. மூடி கையில் இருந்தால் மூடியிலும் அளக்கலாம், இல்லாவிட்டால் ரிம்மில்.

முதலாவது, முகத்தின் அகலம். வெளியே தெரியும் வட்டத்தின் விட்டம் அது. பல ரிம்களில் துளையைச் சுற்றி மூடி உட்காருவதற்கென்று ஒரு பள்ளமான படி இருக்கும். மூடியின் முகம் அந்தப் படிக்குள் அடங்க வேண்டும். படி 60 மி.மீ. என்றால் 62 மி.மீ. மூடி அதன் மேல் ஏறி நிற்குமே தவிர உட்காராது.

இரண்டாவதுதான் முக்கியம்: கொக்கிகளின் அகலம். மூடியைத் திருப்பிப் பாருங்கள். சுற்றி வரிசையாகப் பற்கள் மாதிரி கால்கள் நிற்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் வெளிப்பக்கமாக ஒரு சின்ன மூக்கு. எதிரெதிரே இருக்கும் இரண்டு மூக்குகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். ரிம்மில் என்றால், துளையின் மிகக் குறுகலான இடத்தை அளக்க வேண்டும். துளைக்குள் விரல் விட்டுத் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும், அதைத் தாண்டினால் கொஞ்சம் அகலமாகும். அந்த மேடுதான் குறுகலான இடம். கொக்கி அந்த மேட்டைவிட ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. பெரிதாக இருந்தால் உள்ளே அழுந்திப் போய், மேட்டைத் தாண்டியதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். இரண்டும் சமமாக இருந்தால் முதல் குழியிலேயே மூடி போய்விடும். மூன்று மி.மீ. பெரிதாக இருந்தால் அழுத்தும்போது கால் உடையும்.

விற்பவர்கள் 60/56 என்று எழுதுவது இந்த இரண்டையும்தான்: முகம் 60, கொக்கி 56. முகம் ஒன்றாக இருந்து கொக்கி வேறாக இருக்கும் மூடிகள் நிறைய உண்டு. 60/56, 60/58 இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முன்னாலிருந்து பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. ஒன்று உங்கள் ரிம்மில் உட்காரும், மற்றது உட்காராது.

மூன்றாவது ஆழம். துளையின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நட் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். காரில் சக்கரம் மாட்டியிருக்கும்போதே இதை அளக்க வேண்டும், நான்கு சக்கரத்திலும். முன்சக்கரத்தில் அச்சு நட், பின்சக்கரத்தில் பேரிங்கின் தகர மூடி. இரண்டும் ஒரே அளவு நீட்டுவதில்லை. சில கார்களில் பின்பக்கம் தட்டையான மூடி போட முடியாது, குவிந்த மூடிதான் வேண்டும். முன்னால் பொருந்திய மூடி பின்னால் ஏன் உட்காரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

என்னிடம் வெர்னியர் அளவுகோல் இல்லையே. ஸ்கேல் வைத்து அளக்கலாமா?

வட்டத்தின் சரியான நடுவில் ஸ்கேலை வைப்பது கஷ்டம். ஏழெட்டு மி.மீ. விலகினால் இரண்டு மி.மீ. குறைந்துவிடும், அந்த இரண்டு மி.மீ. போதும் தப்பான மூடி வாங்க. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, என் அப்பா சொல்லிக் கொடுத்தது.

விறைப்பான காகிதத்தில், பழைய காலண்டர் அட்டை என்றால் ரொம்ப நல்லது, ஒரு விரல்கடை அகலத்துக்கு நீளமான பட்டை வெட்டுங்கள். அதை வளையமாகச் சுருட்டித் துளைக்குள் விடுங்கள். உள்ளே போனதும் அதுவாகவே விரிந்து சுவரோடு ஒட்டும். ஒரு முனை இன்னொரு முனையின் மேல் ஏறும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து நீட்டி, முனையிலிருந்து கோடு வரை அளந்து 3.14-ஆல் வகுத்துவிடுங்கள். பட்டை 176 மி.மீ. இருந்தால் துளை 56 மி.மீ.; 188.5 இருந்தால் 60 மி.மீ. பட்டையை அளப்பதில் ஒரு மி.மீ. தவறினாலும் விட்டத்தில் தவறு மூன்றில் ஒரு பங்குகூட வராது. பட்டை அந்த மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியின் பின்னால் ஏதோ எண் இருக்கிறது. அது உதவுமா?

அளவைவிட அதிகமாக உதவும். கம்பெனி மூடியாக இருந்தால் பெரும்பாலும் பின்னால் பாகத்தின் எண் அச்சாகியிருக்கும். டொயோட்டா மூடிகளின் எண் 42603 என்று ஆரம்பிக்கும், ஹோண்டா மூடிகள் 44732, பிஎம்டபிள்யூ 3613. அந்த முழு எண்ணை அப்படியே தேடினால் அதே மூடி வரும். எண் தேய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் தெரியாத எழுத்து சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும்.

ஒரு மூடி தொலைந்தாலும் மற்ற மூன்று காரில்தானே இருக்கின்றன. அதில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ரிம்மின் பின்புறம் 15x6.5, 4x100, 73.1 என்றெல்லாம் இருக்கிறதே. 73.1 தானே நடுத் துளை? அந்த அளவில் மூடி வாங்கலாமா?

வாங்க வேண்டாம். இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. 15x6.5 என்பது ரிம்மின் விட்டமும் அகலமும், அங்குலத்தில். 4x100 நட்டு வட்டம். 73.1 என்பது ரிம் காரின் ஹப்பில் உட்காரும் பின்பக்கத் துளை. மூடி உட்காரும் முன்பக்கத் துளை அதிலிருந்து வேறானது. மைவியின் ஹப் 54.1 மி.மீ., சாகாவின் ஹப் 56.1 மி.மீ. இந்த எண்களைப் பார்த்துவிட்டு மூடி தேடினால் கிடைப்பது ஏமாற்றம்தான். பின்பக்கம் பார்ப்பது ரிம் செய்த கம்பெனியின் பெயரைத் தெரிந்துகொள்ள. ஜேடபிள்யூஎல் என்ற முத்திரையை மட்டும் பார்த்து அதைக் கம்பெனி பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், அது ஜப்பானிய அலாய் ரிம் தரக் குறியீடு.

கம்பெனிக்குக் கம்பெனி பொதுவான அளவு ஏதாவது உண்டா?

தேட ஆரம்பிக்கும்போது கைகொடுக்கும் சில அளவுகள் உண்டு. முகத்தின் அகலத்தில் சொன்னால், பிஎம்டபிள்யூ நெடுங்காலமாக 68, மெர்சிடிஸ் 75, ஹோண்டாவில் பல மாடல்கள் 69, டொயோட்டாவில் பல மாடல்கள் 62. ஆனால் புது மாடல்களில் பிஎம்டபிள்யூவே 56-க்கும் வந்திருக்கிறது. அதனால் இவற்றை வைத்து யூகியுங்கள், அளந்து உறுதி செய்யுங்கள். வெளிக்கம்பெனி ஸ்போர்ட் ரிம்மாக இருந்தால் இந்த எண்கள் எதுவும் செல்லாது, ரிம் கம்பெனியின் அளவுதான்.

எங்கே தேடுவது?

ரிம் கார் கம்பெனியுடையது என்றால் முதலில் அந்தக் கம்பெனியின் உதிரிப்பாகக் கடை. பெரோடுவா, புரோட்டோன் மூடிகள் பழைய மாடலுக்கும் பல சமயம் கிடைக்கும். விலை கொஞ்சம் கூட, ஆனால் பொருந்துமா என்ற கவலை இல்லை.

அடுத்தது போத்தோங் கடை, பழைய கார்களை அறுத்துப் பாகம் பாகமாக விற்கும் இடம். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. கையில் ரிம்மின் அளவையும் மிச்சமிருக்கும் ஒரு மூடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு பெரிய வாளியில் மூடிகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் உட்கார்ந்து கிளறினால் புது மூடியைவிடப் பலமான பழைய கம்பெனி மூடி சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். எடுக்கும்போது ஒவ்வொரு காலையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், வெள்ளைக் கோடு தெரிந்தால் அது உடையப் போகும் கால்.

ஸ்போர்ட் ரிம் என்றால் ரிம் கடையில் கேளுங்கள். என்கெய், ரேஸ், வொர்க் போன்ற கம்பெனிகள் தங்கள் ரிம்முக்கான மூடிகளைத் தனியாகவும் விற்கின்றன. உங்கள் ரிம் அந்தப் பெயரில் வந்த நகலாக இருந்தால் அசல் மூடி பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதையும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஷாப்பி, லசாடா போன்ற ஆன்லைன் கடைகளில் வாங்குவதாக இருந்தால்?

கொக்கியின் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று மட்டும் எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள். மூடியின் பின்புறப் படம் இல்லை என்றால் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு விலையா நான்குக்கு விலையா என்பதைப் படித்துப் பாருங்கள். படத்தில் நான்கு இருக்கும், பெட்டியில் ஒன்று வரும். அப்புறம், வட்ட ஸ்டிக்கரை மூடி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது இருக்கும் மூடியின் மேல் ஒட்டும் சின்னம், துளையை அடைக்காது.

ஒன்றுதான் தொலைந்தது. நான்கும் மாற்ற வேண்டுமா?

அதே மூடி கிடைத்தால் ஒன்று போதும். வெயிலில் வெளுத்த மூன்றுக்கு நடுவே புதுசு தனியாகத் தெரிந்தால் அதைப் பின்சக்கரத்தில் இடதுபக்கம் போட்டுவிடுங்கள். ஓட்டுபவர் பக்கம் நின்று பார்க்கும்போது கண்ணில் படாது.

போட்ட மூடி ஏன் விழுந்துகொண்டே இருக்கிறது?

முதல் காரணம் எங்களைப் போன்ற டயர் கடைகள். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சக்கரத்தின் எடையைச் சமன் செய்யும் பாலன்சிங் மெஷினின் தண்டு ரிம்மின் நடுத் துளை வழியாகப் போகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றியாக வேண்டும். அவசரத்தில் முன்னாலிருந்து ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் கால் ஒன்று விரிசல் விடும், மூடியின் விளிம்பும் கீறும். திரும்ப வைக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்துச் செம்பனை லாரிகள் உழுதுபோட்ட சாலையில் போகும்போது கழன்று விழும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எங்கே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

என் கடையில் பையன்களுக்கு ஒரு விதி உண்டு: சக்கரத்தைக் கழற்றிய பிறகு, பின்பக்கத்திலிருந்து கைவிட்டு மூடியைத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்த நான்கையும் காரின் டேஷ்போர்டில் வைக்க வேண்டும், தரையில் அல்ல. நீங்களும் டயர் மாற்றும்போது பக்கத்தில் நின்று இப்படிக் கேட்டுக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் கம்பி வளையம். பல மூடிகளில் கால்களுக்கு உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் கம்பி வட்டமாக ஓடும். கால்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருப்பது அதுதான். அது துருப்பிடித்தோ கழன்றோ போனால் பிளாஸ்டிக் கால்கள் மட்டும் தாங்காது. புது மூடி வாங்குவதற்கு முன் பழைய மூடியில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த மூடியிலிருந்து கம்பியை எடுத்து மாற்றினாலே சில சமயம் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, ரிம்முக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பது. பூச்சு மேட்டின் மேலும் ஏறி, துளை சின்னதாகிவிடும். மூடி இறுகிக்கொண்டு பாதிதான் போகும், பாதியில் நிற்கும் மூடி விழத்தான் செய்யும். மேட்டின் மேல் இருக்கும் பூச்சை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் போதும். பூச்சு இல்லாவிட்டாலும் பிரேக் தூசியும் செம்மண்ணும் அங்கே கல்லாகக் கிடக்கும். மூடி வைப்பதற்கு முன் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டு, உள்ளங்கையால் நான்கு பக்கமும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். சுத்தியலை எடுக்காதீர்கள்.

சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடலாமா?

கூடாது. அந்தப் பசை காய்ந்தால் விறைத்துப்போகும். சூடும் அதிர்ச்சியும் பட்டால் பிளந்துவிடும். அதைவிட, அடுத்த முறை பாலன்சிங் பண்ணவோ அச்சு நட்டைத் தொடவோ வேண்டும் என்றால் மூடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் லூசாக இருக்கும் மூடிக்கு, கால்களின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் கடலை அளவு சிலிக்கோன் வைத்து ஒரு ராத்திரி காயவிடலாம். அது ரப்பர் மாதிரி பிடிக்கும், வேண்டும்போது இழுத்தால் வந்துவிடும்.

என் காரில் மூடியை முன்னாலிருந்து எப்படி நெம்பினாலும் வரவில்லை.

அது பின்பக்கத்திலிருந்து செருகும் வகையாக இருக்கலாம். ஹைலக்ஸ் மாதிரியான பிக்கப் வண்டிகளில், சில பழைய ரிம்களில் இது உண்டு. சக்கரத்தைக் கழற்றாமல் எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. இன்னும் சில மூடிகளைச் சக்கர நட்டுகளே அமுக்கிப் பிடித்திருக்கும், சில சின்ன ஸ்குருவால் மாட்டியிருக்கும். நெம்புவதற்கு முன் ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள்.

எனக்கு இரும்பு ரிம். முழு வட்டக் கவர் போட்டிருக்கிறேன்.

அது வேறு சாமான். அதற்கு ரிம்மின் அங்குலம் போதும். 13, 14, 15 என்று டயரின் பக்கத்தில் R எழுத்துக்கு அடுத்து இருக்கும் எண்ணைச் சொல்லி வாங்கலாம்.

எங்கேயுமே கிடைக்காத பழைய ரிம் என்றால்?

முப்பரிமாண அச்சில் செய்துகொடுப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்றால் வேண்டாம், 60 டிகிரி சூட்டிலேயே அது இளகிவிடும். மத்தியான வெயிலில் நிற்கும் காரின் பிரேக்குக்குப் பக்கத்தில் அது நிற்காது. ஏஎஸ்ஏ என்றால் வெயிலையும் தாங்கும்.

லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்குவது இன்னொரு வழி. கொக்கிக் கால் செய்ய முடியாது, அதற்குப் பதில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி ரப்பர் ஓ-ரிங் போட்டுவிடுவார்கள், துளைக்குள் இறுக்கமாக உட்காரும். பழைய டட்சன் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு இப்படி நான்கு செய்து வாங்கிக் கொடுத்தேன். காகிதப் பட்டையால் அளந்த அளவைத்தான் பட்டறையில் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் காற்றடிக்க வரும்போது நான்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.